சாயாக்கடை ஃபேன் ஏன் நின்றது

கரண்ட் கம்பத்தின் மேல் இல்லாத நேரமென்றால் இரண்டாவது ரிங்கிலேயே போனை எடுத்துவிடும் என் சாதிக் அண்ணனுக்கு,

நீ போனதிலிருந்து எல்லாருக்கும் மலையாளத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் ஆபீசுக்கு, விபத்தை விசாரித்த அதிகாரிக்கு, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு. உனக்கு மட்டும் அம்மாவின் பாஷையில் எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படி. ‘பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று இதில் எங்கும் வராது.

அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. விசாரணை அறிக்கையை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிய தாளை கான்ட்ராக்டர் ஆள் மூலம் அனுப்பியிருந்தார். அறிக்கையில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி. மின்சாரம் நின்றதை உறுதி செய்யாமல் ஏறிய தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“வீட்ட விட்டு எறங்கறப்போ கேஸ் அடுப்ப ரெண்டு தடவ தொட்டுப் பாத்துட்டுப் போறவன். இவனா பாக்காம ஏறினான்?” என்று கேட்டாள். தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

நீ பார்த்தாய், அண்ணே. உங்களுக்குக் கொடுத்திருந்ததை வைத்துப் பார்த்தாய். கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டர் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குக் கிடையாது. தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்கு இறக்கிவிட, ஏறியதும் கம்பியில் மாட்ட வேண்டிய எர்த் ராடு மூன்று கேங்குக்கு ஒரு செட். அது எப்போதும் வேறு எங்கோ இருக்கும். அதனால் நீங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். ஓவர்சியர் “லைன் ஆஃப் பண்ணச் சொல்லியாச்சு” என்பார். நீ அதே லைனில் இருக்கும் அசனார் இக்காவின் சாயாக்கடைக்குப் போன் செய்து, “இக்கா, ஃபேன் நின்னோ?” என்று கேட்பாய். நின்றது என்றால் ஏறுவாய். உனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் ஏறினார்கள். ஆபீசில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

“ஓவர்சியர் பொய் சொல்லலாம், ஃபேன் சொல்லாது” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாய். ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஃபேனுக்குப் புது முதலாளி வந்திருந்தான். அதை யாரும் உனக்குச் சொல்லவில்லை. நம் தெருவில் முதல் கட்டமாக ஸ்மார்ட் மீட்டர் வைத்தார்களே, அனுமதித்த லோடைத் தாண்டினால் அது தானாகவே கடையின் இணைப்பை வெட்டிவிடும். சில நிமிடம் கழித்துத் தானாகவே சேர்த்தும் விடும். எர்ணாகுளம் பிராட்வே கடையில் நாள் முழுக்க சுவிட்சும் ஒயரும் விற்கிற எனக்கே அது தெரியாது. அன்றைக்கு இக்கா கிரைண்டரைப் போட்டுவிட்டு, புதிதாக வாங்கிய ஃப்ரீசரையும் போட்டார், லோடு தாண்டிவிட்டது. அது உனக்கு எப்படித் தெரியும்?

இக்கா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். “மோளே, ஃபேன் நின்னுச்சு. அவன் கேட்டான், நின்னுச்சுன்னு நான் பறைஞ்சேன். கொஞ்சம் கழிஞ்சப்போ திரும்பவும் கறங்குது, சுத்துது! நான் போன் மேல போன் பண்ணேன் மோளே.”

கம்பத்தில் இருக்கும்போது போன் எடுக்கக் கூடாது என்பது நீயே வைத்துக்கொண்ட சட்டம். பையில் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கும். இக்காதான் கூப்பிடுகிறார், இறங்கியதும் பேசலாம் என்று நினைத்தாயா?

மீட்டர் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைக் கொடுங்கள் என்று கரண்ட் ஆபீசில் கேட்டேன். உதவிப் பொறியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது நுகர்வோரோட தனிப்பட்ட விவரம். தர முடியாது.” விசாரணை அதிகாரியிடம் போனேன். மின் நிறுவனம் தராத விவரத்தை வைத்து எதுவும் எழுத முடியாது என்றார். ஒரு மீட்டருக்கு இருக்கிற மரியாதை உன் பெயருக்கு இல்லை, அண்ணே.

போன மாதம் ஆணையத்தின் பொது விசாரணை எர்ணாகுளத்தில் நடந்தது. ஸ்மார்ட் மீட்டரை நகரம் முழுக்க வைக்க நிறுவனம் ஒப்புதல் கேட்டிருந்தது. நானும் இக்காவும் படகில் போனோம். அவர் பெருநாள் சட்டை போட்டிருந்தார். உள்ளே ஏசியும் முந்திரி பிஸ்கட்டும். பெரிய திரையில் நம் ஊர் வரைபடம் பச்சைப் புள்ளிகளாக மின்னியது. நிறுவனத்தின் அதிகாரி பெருமையாகச் சொன்னார்: “எந்த வீட்டில், எந்தக் கடையில், எந்த நொடியில் சப்ளை நின்றது என்று இங்கே உட்கார்ந்தே சொல்லிவிடுவோம்.”

என் முறை வந்தபோது எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

“சார், எங்க தெருவில ஒரு சாயாக்கடை ஃபேன் ஏன் நின்னுச்சுன்னு சொல்லுங்க. அது நின்னதாலதான் என் அண்ணன் ஏறினான்.”

தலைவர் கையைக் காட்டினார். “இது விபத்து விசாரிக்கிற இடமல்ல. திட்டத்தைப் பற்றி மட்டும் பேசணும்.”

“திட்டத்தைப் பத்தித்தான் சார் பேசறேன். நொடிக்கணக்குத் தெரியும்னு இவர் இப்பத்தான் சொன்னார். எங்களுக்கு மட்டும் ஏன் தர மாட்டேங்கறாங்க? இத்தனை மீட்டர் வாங்க ஒப்புதல் கேக்கறீங்களே, அந்தத் திட்டத்தில ஒரு எர்த் ராடு இருக்கா?”

நுகர்வோரின் தனிப்பட்ட விவரம் என்று அதிகாரி மறுபடி ஆரம்பித்தார். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து இக்கா எழுந்தார்.

“சாரே, அந்த நுகர்வோர் நான்தான். என்டெ கட, என்டெ மீட்டர். எனக்குத் தரணும்.”

யாரோ சிரித்தார்கள். இக்கா உட்காரவில்லை. கேட்பவருக்கு அவருடைய பதிவை ஒரு வாரத்துக்குள் கொடுங்கள் என்று தலைவர் உத்தரவு போட்டார். விபத்து ஆணையத்தின் வரம்பில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வைத்தார். யாருடைய வரம்பிலும் இல்லாத இடத்தில்தான் நீ செத்திருக்கிறாய்.

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. மூன்று வரி. 11:42, லோடு மீறல், இணைப்பு துண்டிப்பு. 11:47, மறு இணைப்பு. 11:48, லைனில் சப்ளை இல்லை.

லைனை அவர்கள் நிறுத்தவில்லை, அண்ணே. உன் கை பட்டு அது தானாக ட்ரிப் ஆகி நின்றது. அந்த மூன்றாவது வரி நீ.

இதை இணைத்து அறிக்கையைத் திருத்தச் சொல்லி எழுதிவிட்டேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

நேற்று நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். இக்காவின் போன் அடித்தது. எடுத்தவர் முகம் வெளிறிப்போய் என்னிடம் நீட்டினார். உன் இடத்துக்கு வந்திருக்கும் தேனிக்காரர், முருகேசன். அதே கேள்வி. “இக்கா, ஃபேன் நின்னுருச்சா?”

நீ விழுந்த பிறகும் அவர்கள் மாற்றவில்லை. ஒன்றைக்கூட மாற்றவில்லை.

“ஃபேனைக் கேக்காதீங்க. எர்த் ராடு வந்துச்சா?” என்றேன்.

“நீங்க யாரு?”

“சாதிக் தங்கச்சி.”

குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ராடு வைட்டிலா பக்கம் வேற வேலைக்குப் போயிருக்காம். கீழயே நின்னா நாளைக்கு வேற ஆளப் போட்டுருவாங்கம்மா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

“ஏறினா, அந்த ரெண்டு பிள்ளைங்களும் என்னை மாதிரி ஆபீஸ் ஆபீஸா அலையணும். எந்தக் கம்பம்னு சொல்லிட்டு அங்கயே நில்லுங்க, வர்றேன்.”

சாயாவை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இக்கா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். முருகேசனோடு நாங்கள் இரண்டு பேரும் கம்பத்தடியில் நின்றோம். ஓவர்சியர் கத்தினார், கான்ட்ராக்டர் போனில் கத்தினார். தெருவில் ஆள் கூடியது. மதியத்துக்கு மேல் ராடு வந்தது. அதை மாட்டிய பிறகுதான் முருகேசன் வேலையைத் தொட்டார். இன்றைக்கும் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்குத் தெரியாது.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். ‘உறுதி செய்யாமல்’ என்ற அந்தச் சொற்களை அவர்கள் கையாலேயே கோடு போட்டு அடிக்க வைப்பேன். அதுவரை அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து அந்தத் தாள் வெளியே வராது. இக்காவும் நேற்று ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைக் கழற்றிவிட்டார். இனி நம் தெருவில் யாரும் அதைக் கேட்டு ஏற முடியாது.

உன் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போன,
உன் ஒரே தங்கச்சி
நசீமா