முத்துச்செல்விக்குப் பார்த்த வீடு

ஆகஸ்ட் 4, திங்கள்
ஒரே காத்து. மனவளர்ச்சி குன்றினவங்களுக்கான எங்க மையத்துத் தகரக் கூரை நாள் முழுக்க அடிச்சுக்கிட்டே கிடந்தது. கேஸ் தீர்ந்துபோச்சு, சமையல் வகுப்பு இல்லை. துணி மடிக்கிறது மட்டும்.

முத்துச்செல்வி இன்னைக்கு பனவடலிசத்திரத்துல இருந்து தனியா பஸ்ல வந்துட்டா. இருபத்து நாலு வயசு. எழுத்துக் கூடலை, கண்டக்டர்கிட்ட கேட்டு ஏறியிருக்கா. வாசல்லயே நின்னு, "டீச்சர், நான் மட்டும் வந்தேன்." மத்தியானம் வரைக்கும் அதையேதான் எல்லார்கிட்டயும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நாங்க பாத்த அந்தச் சின்ன வீடு கிடைச்சிட்டு. அவளும் கூடப் படிக்கிற லட்சுமியும் அடுத்த மாசம் குடிபோகலாம். பகல்ல பாத்துக்க ஒரு அம்மா வருவாங்க. ராத்திரி அவங்க ரெண்டு பேரும்தான்.

ஆகஸ்ட் 13, புதன்
கால் வீக்கம் குறையலை. மாத்திரை வாங்க மறந்தாச்சு.

முத்து இந்த வாரம் வரவே இல்லை. அவ அண்ணன் கணேசனுக்குப் போன் போட்டேன்.
"வீட்டுக்காரிக்கு மாசம் நெருங்கிட்டு டீச்சர், நிக்க முடியல. முத்து இப்ப சோறு கறி எல்லாம் வைக்கால்லா. உங்க புண்ணியம். இனி படிப்பு போதும்."

விரலைச் சுட்டுச் சுட்டுப் படிச்சா. இதுக்கா?

ஆகஸ்ட் 16, சனி
அவங்க வீட்டுக்குப் போனேன். வெயில்.

கணேசன் கெட்டவன் இல்லை. அப்பா அம்மா போனதுக்கு அப்புறம் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி வளத்தவன். தங்கச்சி என்கூடத்தான் இருப்பான்னு சொல்லித்தான் பொண்ணே பாத்தானாம்.

"அவளுக்குத் தனியா இருக்க ஆசை தம்பி."
"அவளுக்கு என்ன தெரியும்?"
"கேட்டுப் பாருங்களேன்."
கேக்கலை. என்னைப் பாத்து, "ராத்திரி ஒருத்தன் வந்து கதவைத் தட்டினா நீங்க வருவீயளா டீச்சர்?"


முத்து டீ கொண்டுவந்தா. சீனி அளவா இருந்தது. குனிஞ்சு என் காதுல, "புது வீட்டுக்கு எப்ப போவோம்?"

ஆகஸ்ட் 25, திங்கள்
காலையில முத்து வந்து நிக்கா. கட்டைப்பை நிறைய துணி, கக்கத்துல தலையணை. "வீட்டுக்குப் போவோம் டீச்சர்."

ஆபீஸ்ல இருந்து கணேசனுக்குச் சொல்லிட்டாங்க. மத்தியானம் பைக்ல வந்தான். அவனைக் கண்டதும் கையை முன்னால நீட்டி, "வேண்டாம். நான் வரல." வேண்டாம்னு சொல்ல வகுப்புல பழகின மாதிரியே, சத்தமா, முகத்தைப் பாத்து.

அவன் இழுக்கலை, வையலை. படியில உக்காந்து அழுதான். "அங்கன உன் மதினி ஒத்தையில கிடக்கா முத்து. நான் யாருகிட்ட போவேன்?"

முத்து பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் துப்பட்டாவால அவன் முகத்தைத் துடைச்சா. "அழாதண்ணே. வாரேன்."

தலையணையை மடியில வச்சுக்கிட்டு பைக்ல ஏறினா. திரும்பிப் பாக்கலை.

அழுறவங்ககிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு நாங்க சொல்லிக் கொடுக்கலை. எனக்கே தெரியாது.

செப்டம்பர் 2, செவ்வாய்
கரண்டு பில். காய்: கத்திரி, சுரை.
லட்சுமி மட்டும் தனியா இருக்க அவ அம்மா சம்மதிக்கலை. வீடு வேண்டாம்னு சொல்லியாச்சு. லட்சுமி சுவரைப் பாத்தே உக்காந்திருந்தா.

செப்டம்பர் 11, வியாழன்
மூட்டம். மழை இல்லை.
சாயங்காலம் கணேசன் போன். பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்.
"டீச்சர், முத்து தன்னால பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டாந்துட்டா. துணைக்கு ஒரு ஆளு இல்ல. வார்டே அவளைத்தான் பாக்கு."
அவ்வளவு பெருமை அவன் குரல்ல. நல்லது தம்பின்னேன். அவகிட்ட போனைக் குடுங்கன்னேன்.
"பிள்ளத் துணி அலசப் போயிருக்கா டீச்சர்."