ஒபதியாவின் முன்வரிசை

நியூபோர்ட் துறைமுகம், 1693 மே.

அன்புள்ள தொற்காளுக்கு,

உன் கணவன் எபினேசர் சொல்லச் சொல்லத் தச்சர் மகள் ரூத் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எந்தச் சபையும் கூடலாம் என்ற ராஜாவின் புதுச் சாசனத்தால், பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது என்கிற நம் ஊர் பாப்டிஸ்டுகளும் பயமில்லாமல் சபை கூடுகிறார்களாமே. என் பழைய கூட்டாளி ஒபதியாவுக்கு அங்கே முன்வரிசையாமே. எனக்கு வயிறு எரிகிறது. நாற்பது வருஷத்துக்கு முன் கோயிலில் பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது நானும் அவனும் முதுகைத் திருப்பி நிற்பது என்றுதான் பேச்சு. நான் திரும்பினேன், பதினேழு கசையடி வாங்கினேன். அவன் பாதிரியார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

போன வாரம் இங்கே பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். கூப்பிட்டார்கள் என்று போனவன், பழக்கத்தில் சட்டென்று திரும்பி நின்றுவிட்டேன்.

"என்ன பெரியவரே, காத்து மூஞ்சில அடிக்குதா? சன்னலச் சாத்தவா?" என்றாள் குழந்தையின் தாய். அவ்வளவுதான். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. கேக்கும் கொடுத்தார்கள்.

கடல் குளிரில் முதுகுத் தழும்பு இழுக்கிறது. என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. உன் கையால் ஒட்டுப்போட்டு அனுப்பு.

கடிதம் கொண்டுவரும் கப்பல் கிளம்பப்போகிறது, ரூத் அவசரப்படுத்துகிறாள். ஒபதியாவைப் பார்த்தால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல். அறுவடைக்கு வந்துவிடுவேன்.

எபினேசர்