ஓடிக்கொண்டிருக்கும் நீரூற்று

என் தங்கத்துக்கு,

நான் சௌக்கியம். உன் இடுப்புவலி தேவலையா? மாமாவுக்கு இருமல் குறைந்ததா?

முதலாளியம்மா தோட்டத்துக்கு அதிகச் செலவில்லாமல் ஒரு நீரூற்று செய்து கொடுத்தேன். பூந்தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய ஏர்கூலர் மோட்டாரைத் தண்ணீருக்குள் வைத்தேன். ஒயர் எட்டவில்லை. துண்டு ஒயரை ஒட்டுப்போட்டு டேப் சுற்றினேன். அந்த ஒட்டும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

நேற்று தண்ணீர் குடிக்க வந்த பூனை தொட்டியோரம் செத்துக் கிடந்தது. “பாவம், குளிர்ல விறைச்சிருக்கும், தூக்கிப் போடுப்பா” என்றார் அம்மா. தண்ணீரில் விரல் வைத்தேன், சுரீர் என்றது. பயப்படாதே, எறும்புக்கடி அளவுதான்.

இன்று விருந்து. நான் தொட்டிக்குள் இறங்கி வண்ண விளக்குகள் கட்ட வேண்டுமாம். சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. நான் உள்ளே போகக் கூடாது. “கொஞ்சம் நிறுத்துங்கம்மா” என்றேன். “ஓடும்போது பார்த்தாத்தானே எங்க கட்டணும்னு தெரியும்?” என்கிறார்.

மாமாவின் பழைய ரப்பர் செருப்பை அனுப்பி வை. எதற்கென்று அவரிடம் சொல்லாதே. கரண்ட் கம்பம் ஏறியவர், சொன்னால் உடனே புரிந்துகொண்டு பதறுவார். நீயும் அடிக்கடி எழுது. இங்கே எனக்குப் பேச்சுத்துணையாக இருந்தது அந்தப் பூனைதான்.

கூப்பிடுகிறார்கள். மோட்டார் போட்டாயிற்று. விளக்கைக் கட்டிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.