ஏற்றத்தில் எழுந்த இஞ்சின்

என் வாலுப்பெண்ணுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை தானாக ஓடுகிறது, பழக்கதோஷம், இந்தமுறை பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறேன். அம்மா சுகமாக இல்லை. திங்கட்கிழமை பெரிய டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இனிமேல் மருந்து ஏற்றிப் பலனில்லை, உடம்பு தாங்காது, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார், அவ்வளவுதான். இதைப் போனில் உன்னிடம் சொல்லமுடியாது, அவளும் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். உன் அண்ணன் இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவான், தபாலை நம்பி உட்கார நேரமில்லை.

எழுத வந்ததை எழுதாமல் காரைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதே, காரிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர அண்ணன் ஒரு கார் வாங்கிவிட்டான் இல்லையா, வீட்டில் சொருகி சார்ஜ் ஏற்றினால் கரண்டில் ஓடும், கரண்ட் தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். வந்த அன்றைக்கே நான் சிரித்தேன், இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி இது எந்த வீட்டில் இருக்கிறது என்று இதற்கே தெரியாது போல என்றேன். அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு இஞ்சின் சத்தம் இல்லாமல் வண்டி நகர்ந்தால் யாரோ பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் முதல்தடவை மருந்து ஏற்றித் திரும்பிவந்தபோது, நம் தெருவுக்கு ஏறும் மேட்டில் சார்ஜ் தீர்ந்து இஞ்சின் திடுமென்று உறுமியது, பின்சீட்டில் கண்ணயர்ந்திருந்தவள் அலறிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இவள் ஏறியிருக்கும்வரை இந்த இஞ்சினை எழவிடக்கூடாது என்று.

அப்புறம் பார், உன் அப்பன் ஒரு புது மனுஷன் ஆகிவிட்டான். எப்போதெல்லாம் அது பெட்ரோலுக்குத் தாவும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். பெடலை ஓங்கி மிதித்தால் தாவும், வேகம் கூடினால் தாவும், மேடு செங்குத்தாக இருந்தால் தாவும், சார்ஜ் அடிமட்டத்துக்குப் போனால் சொல்லவே வேண்டாம். குளிருக்கு ஹீட்டரைப் போட்டால்கூட எழுந்துகொள்கிறது, சனியன். அதனால் பல் விளக்குகிறேனோ இல்லையோ சார்ஜர் வயரைச் சொருகிவிட்டேனா என்று பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் சார்ஜ் போடும் ஒரே இடத்தைப் பிடிக்க விடியும்போதே கிளம்பிவிடுவோம். ஹீட்டர் பக்கம் கையையே கொண்டுபோகமாட்டேன், இரண்டு கம்பளியை எடுத்து அம்மாவைச் சுற்றிவிடுவேன். பெரிய ரோட்டில் போனால் வேகமாகப் போகவேண்டும் என்று கடைத்தெரு வழியாக ஊர்ந்துகொண்டு வருவேன், பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரன் அடித்தே என் காதைச் செவிடாக்கினான். என்னோடு டிப்போவில் இருந்த நெட்டையன் ஒருநாள் பஸ்ஸை ஒட்டி நிறுத்தி, என்ன தலைவரே, வண்டிக்கு மாடு கிடைக்கலையா என்று கேட்டுவிட்டுப் போனான். என் வலதுகால் ஓங்கி மிதிக்கத்தான் லாயக்கு என்று அம்மா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்த புகார் உனக்குத் தெரியும், அந்தக் கால் இப்போது தூளியில் தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிற மாதிரி பெடலைத் தொட்டது. கண்ணாடியில் பார்த்தால் அம்மா கண்ணை மூடி அசையாமல் கிடப்பாள். நன்றாகத் தூங்குகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை சார்ஜ் போடும் இடத்தில் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவனுக்கு அந்த நினைப்பே இல்லை. அம்மாவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினேன், தூக்கினேன் என்றுதான் சொல்லவேண்டும், உன் சின்னவயசுக் கனம்தான் இருக்கிறாள். பாதிவழியில்தான் சார்ஜ் முள்ளைப் பார்த்தேன். மேடு இன்னும் வரவில்லை, முள் அடியில் கிடக்கிறது. டாக்டர் சொன்னதெல்லாம் எங்கோ போய்விட்டது மகளே, இன்றைக்கு ஒருநாள் இவளை எழுப்பாமல் வீடு சேர்த்துவிடவேண்டும், அது ஒன்றுதான் மண்டைக்குள். அவள் வயிறாரச் சாப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று, வலியில்லாமல் தூங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையாவது நான் காப்பாற்றிக் கொடுக்கவேண்டாமா. ரேடியோ, விளக்கு, என்னென்ன அணைக்கமுடியுமோ அணைத்தேன். பிரேக் பிடித்தால் இந்த வண்டிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏறும், இறக்கம் கிடைத்த இடத்திலெல்லாம் பிரேக்கைத் தடவித் தடவி நாலு சொட்டு சார்ஜ் சேர்த்தேன். மேட்டில் ஏறினோம். பள்ளிக்கூடத்து மதில் தாண்டியது, தண்ணீர்த்தொட்டி தாண்டியது, நம் வளைவு கண்ணுக்குத் தெரிகிறது, அப்போது எழுந்தது பார் இஞ்சின். நான் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், உனக்கு எழுதக்கூடியது இல்லை. கண்ணாடியில் பார்த்தால் அம்மா கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்க்கிறாள். அலறவில்லை. அப்பாடா என்றாள்.

முழிச்சிட்டியா, இன்னும் கொஞ்சதூரம்தான், நான் என்ன பண்ணுவேன் என்று உளறினேன். நான் தூங்கவே இல்லைங்க, அந்த முதல்நாளுக்கப்புறம் ஒருநாளும் தூங்கினதில்லை என்றாள். நீங்க இவ்ளோ பாடுபட்டு பூனை மாதிரி ஓட்டிட்டு வரும்போது முழிச்சிருக்கேன்னு எப்படிச் சொல்றது, அதான் கண்ணை மூடிட்டே கிடந்தேன் என்றாள். சத்தமே இல்லேன்னா என் மூச்சு எனக்கே கேக்குது, அடுத்தது வருமா வருமான்னு கேட்டுட்டே வரேன், இது உறுமினாத்தான் முன்னாடி நீங்க இருக்கீங்கன்னு தெம்பா இருக்கு என்றாள். பிறகு அவளே, டாக்டர் என்ன சொன்னார்னு நான் கேக்கமாட்டேன், அந்த ஹீட்டரை மட்டும் போடுங்க, இத்தனை நாளும் காலெல்லாம் விறைச்சுப்போச்சு என்றாள். போட்டேன். வண்டி சூடாகி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, நிஜமாகவே தூங்கிவிட்டாள், வாயைப் பிளந்துகொண்டு, குறட்டையோடு. நம் வாசலைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனேன். மேலே ரோடு முடியும்வரை போய்த் திருப்பி, மறுபடியும் போனேன். வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்துவிட்டு, சார்ஜர் வயரைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டேன். தினமும் சாயங்காலம் அவளைப் போர்த்தி உட்காரவைத்து ஹீட்டரோடு இரண்டு ரவுண்டு ஓட்டுகிறேன், தூங்குகிறாள். அண்ணன் எதற்கு வண்டியைப் பாழாக்குகிறீர்கள் என்று ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

உனக்கும் நாங்கள் இதையேதான் செய்துகொண்டிருந்தோம். நீ போன் செய்யும் நேரம் பார்த்து வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பேசுவாள், பேசி முடித்தால் ஒரு மணிநேரம் தலையைத் தூக்கமுடியாது. நான் போனை வாங்கி, பரவாயில்லைம்மா, லீவுக்கு வந்தால் போதும் என்பேன். நீயும் சரிப்பா என்பாய். நீயும் அங்கே கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடக்கிறாயோ என்னவோ, எனக்கு இப்போது யார்மேலும் நம்பிக்கை இல்லை. லீவுவரை அம்மா இருக்கமாட்டாள். எழுதிவிட்டேன். கிடைக்கிற டிக்கெட்டில் கிளம்பு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பிறகு வரட்டும், அதற்காக நீ காத்திருக்காதே. விமான நிலையத்துக்கு அண்ணன் வருவான், நான் வரமாட்டேன், அவளை விட்டு நகர்கிற தைரியம் எனக்கு இல்லை. அம்மாவைப் பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளக்கூடாது என்று பாடம் பண்ணிக்கொண்டு வராதே, அழுகை வந்தால் அழு, அவள் பார்த்துக்கொள்வாள், உன்னைச் சமாதானப்படுத்த அவளுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எப்போதும் உண்டு. வழியில் பட்டினி கிடக்காதே. பேரனை மறக்காமல் கூட்டிவா, அவனுடைய அந்த டமாரத்தையும் எடுத்துவரச் சொல். வாசலில் வைத்து, பாட்டிக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடாதே என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா