ஒரு பக்கத்துக்கு ஒரு பொய்

இப்போது மூச்சு வாங்காமல் படியேறித் திரிகிற என் அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவும் சுகம். கொழும்பில், வெள்ளவத்தையில் அதே மூன்றாம் மாடி அறையில்தான் இருக்கிறோம். கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி இன்னும் நடுங்குகிறது. காலி வீதி ஆமிச் சென்றியில் மணல்மூட்டைகளை இன்னும் உயர்த்தி அடுக்கியிருக்கிறார்கள்.

நீ போய் எட்டு மாதம். இதைச் சொல்லும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. யாராவது கேட்டால், "இண்டைக்கு வியாழக்கிழமை" என்று சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு தையல் கடையில் வேலைக்குப் போகிறேன். பிளவுசுகளுக்குக் கொளுக்கி தைக்கிறேன். யாரோடும் கதைக்கத் தேவையில்லை, அதனால் பிடித்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு விட்ட பள்ளிக்கூடத்துக்கு இனித் திரும்பமாட்டேன். நீ இருந்தால் ஏசியிருப்பாய். இப்போது ஏசுவதற்கு ஆளில்லை.

அக்கா, உனக்குத் தெரிந்ததைத்தான் கொஞ்சம் திரும்ப எழுதப் போகிறேன். எழுதாவிட்டால் எனக்கே மறந்துவிடும்போல இருக்கிறது.

உன் இதயத்துக்கு ஒப்பரேஷன் செய்வதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். நாள் தள்ளிக்கொண்டே போனது. கதைத்தால் உனக்கு மூச்சு வாங்கியது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திறவாது. படிக்கட்டுக்குக் கேட்கிறமாதிரித் தமிழ் கதைக்கவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தா. ஒரு அறைக்குள் மூன்று பேர், மூன்று பேரும் பேசாமல். அப்போதுதான் நீ அந்த விளையாட்டைத் தொடங்கினாய்.

அம்மா கிழித்துப் போடுகிற கலண்டர் தாள்களை நீளநீளமாக வெட்டி, பின்பக்கத்தில் தலைப்பு எழுதி, வெறும் பால்மா டின்னுக்குள் போட்டாய். 'எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டு.' 'மழை நாளில் டியூட்டரி விட்டு வந்த வழி.' 'ஜாம் போத்தல் விளக்கு நூர்ந்து இருட்டானபோது யார் என்ன சொன்னது.' 'அம்மாவுக்குத் தெரியாமல் தின்றவை.' சனிக்கிழமைகளில் ஒரு தலைப்பை எடுத்து, ஒரே கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் எழுதவேண்டும். கவலை என்ற சொல் வரக்கூடாது. பக்கத்துக்கு ஒரு பொய் கட்டாயம் வைக்கவேண்டும். மற்றவள் அதைக் கண்டுபிடிக்கவேண்டும்.

முதல் பக்கத்தில், அலுமாரியின் கீழ்த்தட்டில் தங்கச் சங்கிலி இருந்தது என்று எழுதினேன். நீ படித்து முடிக்கவே இல்லை, சிரிக்கத் தொடங்கிவிட்டாய்.

"எடியே, பொய்யெண்டால் உண்மையை விடச் சின்னனா இருக்கவேணும். சங்கிலியெண்டால் சென்றியில நிக்கிறவனும் கண்டுபிடிப்பான்."

"அப்ப என்னத்தை எழுதிறது?"

"கிழிஞ்ச சொக்ஸ் எண்டு எழுது. ஆர் எண்ணிப் பாக்கப்போயினம்?"

அதற்குப் பிறகு நான் தேறினேன். ஆனால் உன்னை வென்றதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் கடைசிப் பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழித்து, நாலாக மடித்து என் உள்ளங்கையில் வைத்தாய். "கண்டுபிடிச்சு வை. வந்து கேப்பன்" என்றாய். தலைப்பு: 'நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள்.'

நீ வரவில்லை. அந்தப் பொய்யை எட்டு மாதமாகத் தேடினேன்.

பக்கம் முழுவதும் எனக்குப் பாடம். அம்மா முன்கதவை இரண்டு தரம் பூட்டி இழுத்துப் பார்த்தா. திறப்பை எதிர் வீட்டு மலர் அன்ரியிடம் கொடுத்தா. உன் செருப்பு வார் அறுந்து, ஊசி குத்திக்கொண்டாய். கொடியில் ஒரு துவாய் மறந்துபோய்க் கிடந்தது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாய்: 'வாசல் படலையடியில் நான் அழுதேன். தங்கச்சி அழவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.'

துவாய்தான் பொய் என்று ஒரு மாதம் நினைத்தேன். பிறகு செருப்பு என்று நினைத்தேன். கடைசி வரியை நான் சந்தேகிக்கவே இல்லை. ஏனென்றால் உன் செத்தவீட்டிலும் நான் அழவில்லை. கொட்டாஞ்சேனை மாமி எல்லோருக்கும் கேட்கும்படி, "கூடப்பிறந்தது கிடக்குது, இந்தப் பெட்டை கல்லுப்போல நிக்குது பார்" என்றா. ஓம், அப்படிப்பட்டவள்தான், அக்காவே எழுதி வைத்திருக்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு காலையில், தமிழர் அறைகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸ் பதிவு பார்க்க வந்தார்கள். எங்கள் படிவத்தில் இன்னும் மூன்று பெயர் இருக்கிறது. வந்தவர் எங்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"துன்தெனாய் நே? அனித் நங்கி கோ?" என்று சிங்களத்தில் கேட்டார். மூன்று பேரல்லவா, மற்றப் பிள்ளை எங்கே என்று.

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "இஸ்பிரிதாலே" என்றா. ஆஸ்பத்திரியில் என்று.

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக் கடிதம் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உண்மை வாய்க்குள் இருந்தது, வெளியில் வரவில்லை.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் என்ன பொய்யே சொன்னனான்? அங்கைதானே விட்டிட்டு வந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போனா. மூன்று பேருக்கு.

இந்தச் செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மலர் அன்ரி வந்தா. விசாவுக்கு மெடிக்கல் செய்ய வந்தவ, இரண்டு நாள் எங்களோடு தங்கினா. எங்கள் வீட்டைக் கடைசியாகப் பூட்டின நிலையில் பார்த்தவ அவதானே. நான் கேட்டேன், "கிணத்தடிக் கொய்யா இன்னும் நிக்குதோ அன்ரி?"

"என்ன கொய்யா? உங்கட வளவுக்க கொய்யா எங்க இருந்தது? மாதுளையெல்லே நிண்டது."

நான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கொய்யா உன் பொய். நான்தான் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனையால் கோடும் போட்டிருக்கிறேன். ஆனாலும் இத்தனை நாளும் அதன் இலை, பட்டை, அணில் கடித்த பழம் எல்லாம் என் கண்ணுக்குள் இருந்தன. மாதுளை ஞாபகத்துக்கு வரவே இல்லை. எங்கள் வீட்டில் இன்னும் எத்தனை இப்படி நீ நட்டவை, அக்கா?

எனக்குப் பயம் பிடித்தது. கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து அன்ரிக்கு முன்னால் வாசித்தேன். ஆட்களுக்கு முன்னால் நான் வாசித்ததை நீ கண்டிருக்கமாட்டாய்.

பூட்டு என்றேன். "ஓம், ரெண்டு தரம்" என்றா. செருப்புக்கும் ஓம். துவாய்க்கும் ஓம். "அதை நான்தான் பிறகு எடுத்து மடிச்சு வைச்சனான்."

கடைசி வரிக்கு வந்ததும் அன்ரி கையை நீட்டி நிறுத்தினா.

"ஆர் அழேல்லை? நீயோ? விசர்க் கதை. படலையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வரமாட்டன் எண்டு நீயெல்லே ஒழுங்கை முழுக்கக் கேக்கக் குழறினனீ. உன்ர விரலை ஒவ்வொண்டாக் கழட்டினது உன்ர அக்கா. அவளின்ர கண்ணில ஒரு சொட்டு வரேல்லை."

அம்மா மற்றப் பக்கம் திரும்பி இருந்தா. அப்படியே சொன்னா: "தூக்கவேண்டாம், தூக்கவேண்டாம் எண்டு கத்திறன். ரோட்டு வரைக்கும் இவளைத் தூக்கிக்கொண்டு போனவள்."

ஏன் அப்படி மாற்றி எழுதினாய்? நான் சுலபமாகக் கண்டுபிடிக்கட்டும் என்றா? அல்லது ஒரு பக்கத்திலாவது நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றா?

கண்ணீர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விரல்கள் மட்டும் நொந்தன. கொளுக்கி தைத்ததாலும் இருக்கலாம்.

போகுமுன் அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா. "பிள்ளை, அவளின்ர பேரைப் பதிவில இருந்து எடு. இருக்கிற பேருக்கு ஆளைக் காட்டாட்டி, எங்க, இயக்கத்துக்கோ அனுப்பினனீங்கள் எண்டு கேப்பாங்கள். உன்னையும் கொம்மாவையும் பிடிச்சுக்கொண்டுபோய் உள்ளுக்கு இருத்திவிடுவாங்கள். கொம்மா இப்ப அதைச் செய்யிற நிலையில இல்லை. நீதான் கதைக்கவேணும்."

எட்டு மாதமாக நானும் அந்தப் படிவத்தைத் தொடவில்லை. அதில் நாங்கள் மூன்று பேர். வேறெங்கும் அப்படி இல்லை.

அக்கா, திங்கட்கிழமை காலை பொலிஸ் நிலையத்துக்கு நான் போவேன். மரணச் சான்றிதழை எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். சிங்களத்தில் சொல்லவேண்டியதைக் கடையில் கேட்டுத் தமிழ் எழுத்தில் ஒரு கலண்டர் துண்டில் எழுதியிருக்கிறேன்: 'மகே அக்கா நெதி வுணா.' என் அக்கா இல்லாமல் போய்விட்டாள். கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவது சொல்லில் குரல் தேய்ந்துவிடுகிறது. திங்கட்கிழமை தேயவிடமாட்டேன்.

டின்னுக்குள் இன்னும் இருபத்திமூன்று தலைப்பு மிச்சம். அவற்றையும் எழுதுவேன். மாதுளையிலிருந்து தொடங்குவேன்.

இந்தக் கடிதத்திலும் பொய் இருக்கிறது. உனக்குத் தேட நேரமே எடுத்திருக்காது, முதல் வரியிலேயே பிடித்திருப்பாய். நான் சுகம், அம்மாவும் சுகம் என்று எழுதினேனே, அதுதான். உண்மையை விடச் சின்னதாக வைத்திருக்கிறேன், நீ சொன்னதுபோல.

படலையிலிருந்து நீ விரல் கழற்றிய உன் தங்கச்சி,
வாணி