மெஷினுக்குப் பிடித்த சளி

மார்ச் 8, வெள்ளி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இந்த வீட்டின் இளைய மகனுக்கு இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சளி பிடித்தது. இடது மூக்கு முழு அடைப்பு. வலது மூக்கு பகுதி நேரம் இயங்குகிறது. பள்ளிக்கு விடுப்பு கேட்டு அளிக்கப்பட்ட மனு, அம்மாவால் படிக்கப்படாமலே தள்ளுபடி செய்யப்பட்டது.

"மூக்குதானே அடைச்சிருக்கு? கால் நல்லாத்தானே இருக்கு. நட."

மாலையில் அத்தை ஃபோன் செய்தாள். நான்தான் எடுத்தேன். எடுத்ததும் தொலைபேசி நிலையத்துப் பதிவுக் குரலம்மாளாக மாறினேன். "இத்தடத்தின் அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன. தயவுசெய்து சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யவும்." டொக். அத்தை வைத்துவிட்டாள்.

இதுவரை விழுந்த விக்கெட்டுகள்: அத்தை, அப்பாவின் பேருந்துப் பணிமனை சூப்பர்வைசர், கணக்கு வாத்தியார், அம்மாவிடம் சீருடை தைக்கக் கொடுக்கும் பள்ளியின் கிளார்க், இன்னும் ஏழு பேர். மொத்தம் பதினொன்று. கண்டுபிடித்தவர்கள்: பூஜ்யம். பதினொன்றுக்குப் பூஜ்யம்! பதினைந்து வயதில் இது உலக சாதனையாகத்தான் இருக்க வேண்டும். பதிவு செய்யத்தான் ஆளில்லை, அதனால் இந்த நோட்டு.

மார்ச் 10, ஞாயிறு

ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஃபோன் அண்ணனுடையது. அந்த நேரத்தில் வேறு யாராவது கூப்பிட்டால் அம்மா அவர்களை எதிரி நாட்டவரைப் போல நடத்துவாள்.

அண்ணன் ஆறடி இரண்டங்குலம். ஆகவே நெட்டை. எல்லையில் இருக்கிறான், ஆனால் துப்பாக்கியைவிடக் கம்பிதான் அவனிடம் அதிகம் புழங்குகிறது. சாவடிக்குச் சாவடி தொலைபேசிக் கம்பி இழுக்கும் பிரிவு. வீட்டிலும் அதே தொழில்தான் பார்த்தான். எங்கள் ஃபோன் ஒயரை எலி கடித்தபோது முறுக்கி ஒட்டிக் கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றினான். இரண்டு சுற்று போதாதா என்று கேட்டேன். "ரெண்டு சுத்து சோம்பேறிக்குடா" என்றான். அவன் சாவடியில் நாற்பது பேருக்கு ஒரே ஃபோன். ஆளுக்கு நான்கு நிமிடம், வாரம் ஒருமுறை.

இன்று பத்தரைக்குத் திடீர் மழை. மாடியில் முப்பத்திரண்டு சீருடைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஓடினாள். "அவன் கூப்பிட்டா புடிச்சு வையி!" என்று படியிலிருந்து சத்தம்.

பத்து நாற்பதுக்கு மணி அடித்தது. எடுத்தேன். அவனுடைய மூச்சே தெரிந்தது, நெட்டை மூச்சு. சும்மா இருக்க முடியுமா? "இத்தடத்தின் அனைத்து இணைப்புகளும்..." முழுசாகச் சொன்னேன். சளி வேறு சேர்ந்துகொண்டதில் குரலம்மாள் பிரமாதமாக வந்தாள். முடித்துவிட்டு, "டேய் நெட்டை, ஏமாந்தியா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். டொக்.

பன்னிரண்டுக்குப் பூஜ்யம். தொலைபேசிப் பிரிவுக்காரனே விழுந்துவிட்டான்!

அம்மா நனைந்த சட்டைகளோடு வந்தாள். "ஃபோன் அடிச்ச மாதிரி இருந்துச்சே?"

"ராங் நம்பர்மா."

திரும்ப அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பன்னிரண்டு மணிவரை அம்மா மெஷினை மிதிக்கவே இல்லை. சரி, அடுத்த ஞாயிறு வராமலா போகும். அன்றைக்குச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

மார்ச் 12, செவ்வாய்

சளி வலது மூக்குக்கு மாற்றலாகிவிட்டது.

மார்ச் 14, வியாழன்

வானொலியில் எல்லை மோதல் என்றார்கள். அம்மா செய்தியைப் பாதியில் நிறுத்தினாள். "கம்பி இழுக்கிறவன் பின்னாடிதான் இருப்பான்" என்றார் அப்பா. பிறகு அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

மார்ச் 15, வெள்ளி

மாலை நாலேகாலுக்குச் சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. அம்மா வாயில் இரண்டு குண்டூசிகள் வைத்திருந்தாள். அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக ஊசி மெத்தையில் குத்திவிட்டு, "சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள்.

மார்ச் 16, சனி

ஃபோன் பத்தொன்பது தடவை அடித்தது. எல்லாவற்றையும் என் சொந்தக் குரலிலேயே எடுத்தேன்.

மார்ச் 18, திங்கள்

பெட்டி வந்தது. எங்கள் வீட்டு நடையில் ஒரு திருப்பம் உண்டு, அதில் பெட்டி திரும்பவில்லை. "கொஞ்சம் சாய்ங்க, இன்னும் கொஞ்சம்" என்று தூக்கியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு முனை நிலையில் இடித்தது. நெட்டை எப்போதும் அந்த இடத்தில்தான் இடித்துக்கொள்வான்.

எல்லாம் முடிந்த பிறகு கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் அம்மா கேட்டாள், குறிப்பாக யாரையும் பார்க்காமல்.

"பத்தாந்தேதி ஏன் கூப்பிடல அவன்? நாலு நிமிஷம்கூடவா கெடைக்கல?"

நான் வாயைத் திறந்தேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய்.

"கூப்பிட்டாம்மா. நீ மாடியில இருந்த. பேச முடியலன்னு வருத்தப்படுவன்னுதான் ராங் நம்பர்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

கூடமே என்னைப் பார்த்தது.

"அம்மாவ நிம்மதியா தூங்கச் சொல்லு... அவ தூக்கத்துக்கு முன்னாடி நான் காவல் நிக்கிறேன்னு சொல்லுன்னான்."

யாரோ விம்மினார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

மார்ச் 21, வியாழன்

அந்த வாக்கியம் செய்தித்தாளில் வந்துவிட்டது, அண்ணன் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில். தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அதை இரண்டு முறை வாசித்தார். பள்ளி வாசலில் கல் வைக்கப் போகிறார்களாம். பெயர், தேதிகள், அடியில் இந்த வாக்கியம். ஏப்ரல் எட்டாம் தேதி திறப்பு.

கட்டுரையில் ஆறு மதிப்பெண்ணுக்கு மேல் எடுக்காதவனின் வரி கல்லில் ஏறுகிறது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான்.

நெட்டை அப்படியெல்லாம் பேசவே மாட்டான். "சாப்டியா, மழையா, குரங்கு என்ன பண்றான்", அவ்வளவுதான் அவனுடைய மொத்தப் பேச்சு. குரங்கு நான்தான்.

மார்ச் 29, வெள்ளி

சட்டை வாங்க வருகிற எல்லோரிடமும் அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். முதலில் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுப்பாள், பிறகு சொல்வாள். இதுவரை இருபத்து மூன்று பேர். எண்ணுவதை நிறுத்த வேண்டும்.

சொல்லிவிடலாமா? சொன்னால் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? சொல்லாவிட்டால் எட்டாம் தேதி கல். அழிரப்பர் வைத்துக் கல்லை அழிக்க முடியாது.

ஏப்ரல் 3, புதன்

அண்ணனோடு இருந்தவர் ஒருவர் அவன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். இடது கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. டீயை வலது கையில் வாங்கி, ஆறவிட்டு, பிறகுதான் பேசினார்.

முன்சாவடியில் இவரோடு சேர்த்து எட்டுப் பேர். ஓடைக்கு அந்தப் பக்கம். தாக்குதலில் கம்பி அறுந்துவிட்டது. பள்ளமான இடம் என்பதால் வயர்லெஸ்ஸும் எடுக்கவில்லை. எட்டுப் பேர் மாட்டிக்கொண்டது பின்னால் இருந்த யாருக்கும் தெரியாது. லைன் செத்துப்போனதை வைத்து அண்ணன்தான் யூகித்திருக்கிறான். கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே ஊர்ந்து வந்திருக்கிறான். யாரும் போகச் சொல்லவில்லை. இருட்டட்டும் என்றுதான் சொன்னார்களாம்.

"திடீர்னு எங்க ஃபோன் அடிச்சுதும்மா. அறுந்த எடத்துல உக்காந்து ஒட்டிட்டு, லைன சோதிக்கிறான். 'ஹலோ, கேக்குதா?'ன்னான். 'கேக்குதுடா'ன்னேன். 'அப்ப சரி'ன்னான். அவ்வளவுதான் பேசினான். உடனே நாங்க பின்னாடி பேசி ஆள் வரவச்சோம். எட்டுப் பேரும் வெளிய வந்துட்டோம். வரும்போது கம்பியோடவே வந்தோம். அந்த ஒட்டுப் பக்கத்துலதான் கிடந்தான்."

அப்பா கேட்டார், "டேப் சுத்தியிருந்தானா?"

என்ன கேள்வி இது என்று நினைத்தேன். ஆனால் வந்தவருக்குப் புரிந்தது. "மூணு சுத்துங்க" என்றார்.

பேருந்து நிறுத்தம்வரை அவரை நான்தான் கொண்டுவிட்டேன். பாதி வழியில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி, நீதானே அந்த மெஷினு?"

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை சளி இல்லை.

"அன்னைக்கு வரிசையில அவனுக்குப் பின்னாடி நான்தான் நின்னேன். ஃபோன வச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். 'மெஷினுக்குச் சளி புடிச்சிருக்குடா, தயவுசெய்துன்னு சொல்றதுக்குள்ள மூக்க உறிஞ்சுது'ன்னான். மூணரை நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. மறுபடி அடிடான்னேன். 'அடிச்சா குரங்கு மறுபடி மெஷினாத்தான் பேசும். அடுத்த வாரம் பாத்துக்கறேன். உன் பொண்ணுக்குப் பொறந்தநாளாச்சே, நீ பேசு'ன்னு குடுத்துட்டான். ஏழரை நிமிஷம் பேசினேன் தம்பி நான்."

பேருந்து வந்தது. ஒற்றைக் கையால் ஏறத் தடுமாறினார். பின்னாலிருந்து தாங்கிவிட்டேன். வேறொன்றும் பேசத் தோன்றவில்லை. என் வாய்க்கு!

ஏப்ரல் 6, சனி

சொல்லிவிட்டேன். அம்மா காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், எல்லாவற்றையும். அண்ணனிடமும் நான் மெஷினாகத்தான் பேசினேன் என்பது, அந்த வாக்கியம் என்னுடையது என்பது, மூன்றரை நிமிடம் யாருக்குப் போனது என்பது. மெஷின் நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்த நாலு நிமிஷம் என்னோடதுடா" என்றாள்.

மீண்டும் மெஷின் ஓடியது. காலர் கோணலாகப் போனது. பிரித்து மறுபடி தைத்தாள்.

மதியம் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். போனேன். அவர் நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நல்லவேளை, கல்தச்சர் பெயரும் தேதியும் மட்டும்தான் கொத்தியிருந்தார். "அப்போ அடியில என்ன போடறது?" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அறுந்த கம்பிய ஒட்டுனான், எட்டுப் பேர் வீட்டுக்குப் போனாங்கன்னு போடச் சொல்லு. அது நடந்தது."

ஏப்ரல் 7, ஞாயிறு

பத்து நாற்பதுக்கு அம்மா கூப்பிட்டாள். ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒயரில் அண்ணன் சுற்றிய டேப்பின் மேல் அவள் விரல் இருந்தது.

"அவன்கிட்ட பேசின மாதிரி பேசு. நானும் கேக்கறேன்."

"வேணாம்மா."

"பேசு."

சளி இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இத்தடத்தின் அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன. 'தயவுசெய்து' வரும்போது குரல் கீழே இறங்கிவிட்டது. இருந்தாலும் முடித்தேன்.

அம்மாவின் வாயோரம் ஏதோ அசைந்தது. மூன்று வாரமாக நான் பார்க்காத ஒன்று.

"இதையாடா யாரும் கண்டுபிடிக்கலன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

"ஏன்?"

"போன வருஷமே உங்கத்தை சொன்னா, 'அண்ணி, உங்க வீட்டு மெஷினு மூச்சு வாங்குது'ன்னு. டிப்போ சூப்பர்வைசருக்குத் தெரியும். கிளார்க்குக்குத் தெரியும். பையன் ஆசையா பண்றான், போகட்டும்னு வச்சுடுவாங்க."

"கணக்கு வாத்தியார்?"

"அவர்தான்டா மொதல்ல சொன்னாரு."

ஆகவே, மார்ச் 8, மார்ச் 10 ஆகிய தேதிகளின் பதிவுகளில் ஒரு திருத்தம். விக்கெட் ஒன்றுகூட விழவில்லை. பன்னிரண்டு பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள். பூஜ்யம் என்னுடையது.