வெளுத்த பவளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகவே இருக்கிறேன். வேலையிடத்தை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

கடல்நீரில் அமிலமேறினால் பவளம் என்னவாகும் என்று எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் வளர்த்துப் பார்க்கிறோம். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிதான் வெளிச்சத்தை வாங்கி அதற்குச் சோறு போடுகிறது. நிறமும் அதனால்தான். அமில நீரில் எலும்பு கட்டவே திணறும் பவளத்துக்கு வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினால், அந்தப் பாசியே நஞ்சாகும்; பவளம் அதை வெளியே தள்ளிவிடும்.

படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று இயக்குநர் வாரம் முழுக்க விளக்குகளை உச்சத்தில் வைக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். "உனக்கெதுக்கும்மா, சொன்னதைச் செய்" என்றார். எல்லாம் வெளுத்துவிட்டது.

வந்தவர்களில் ஒருத்தி கன்னத்தில் கைவைத்து, "அய்யோ, பளிங்கு மாதிரி எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள். பட்டினியில் வெளுத்ததன் பக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு நின்றார் இயக்குநர். தூ!

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. புதிதாக வாங்கியதில் தூக்கமே வரவில்லை.

தொட்டி மோட்டார் சத்தம் மாறுகிறது, ஓட வேண்டும். போன வாரம் வீடியோவில் என்னைப் பார்த்து, "நல்லா கலராயிட்டடி" என்று பூரித்தாயே, இனி அப்படிச் சொல்லாதே அம்மா. சாப்பிட்டாயா என்று கேள்.

உன் மூத்தவள்